66-ஆம் பிரிவில் தண்டனை ஆன தம்பிக்கு ஐடி வேலை கிடைக்குமா?

கேள்வி: 2025 பிப்ரவரி 8, இரவு 9:50

என் தம்பிக்கு 25 வயது. கல்லூரி முடித்த கையோடு ஒரு கோச்சிங் நிறுவனத்தின் சர்வருக்குள் புகுந்து மாணவர் விவரங்களை எடுத்துவிட்டான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் (ஐடி சட்டம்) 66-ஆம் பிரிவில் வழக்கு. நான்கு மாதம் சிறை, அபராதம். புழலில் இருந்துவிட்டு வந்துவிட்டான், அபராதமும் கட்டியாயிற்று. "ஹேக் பண்ணி மாட்டினவனைத்தான் கம்பெனிக்காரன் தேடி வந்து கூட்டிட்டுப் போவான், அமெரிக்காவுல எல்லாம் அப்படித்தான்" என்று சித்தப்பா சொல்கிறார். நிஜமா? வேலைக்கான பாரத்தில் வழக்கைப் பற்றிக் கேட்டால் என்ன எழுதுவது? சென்னை வேளச்சேரியில் இருக்கிறோம், ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறான்.

பதில்: பிப்ரவரி 8, இரவு 11:20

சித்தப்பா நல்ல மனசோடு சொல்கிறார், ஆனால் அதை நம்பி நாளை ஓட்டிவிடாதீர்கள். ஓஎம்ஆரில் யாரும் தேடி வர மாட்டார்கள்.

நான் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் பின்னணிச் சரிபார்ப்பில் இருந்தவள், எல்லாரும் பிஜிவி என்பார்களே அந்தப் பிரிவு. இப்போது கிண்டி எஸ்டேட்டில் ஒரு சின்ன செக்யூரிட்டி டெஸ்டிங் நிறுவனத்தில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன், எனக்கும் அதில் பங்கு உண்டு. 66-ல் தண்டனை ஆன ஒருவர் எங்களிடம் வேலை செய்கிறார். நாளை விரிவாக எழுதுகிறேன். இன்றைக்கு ஒன்று மட்டும்: பாரத்தில் "இல்லை" என்று டிக் அடிக்க வேண்டாம்.

பிப்ரவரி 9, காலை 8:15

முதலில் அந்த அமெரிக்கக் கதையை முடித்துவிடலாம், வீட்டில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

பெயர் பெற்ற ஹேக்கர் கெவின் மிட்னிக் 1995 பிப்ரவரியில் பிடிபட்டு 2000 ஜனவரியில்தான் வெளியே வந்தார். வந்த பிறகும் கம்ப்யூட்டர், இணையம் பக்கம் போக 2003 ஜனவரி வரை கட்டுப்பாடு. அப்புறம் சொந்தமாக நிறுவனம் வைத்துத்தான் பிழைத்தார். ராபர்ட் மோரிஸ் 1988-ல் இணையத்தில் தானாகப் பரவும் புழு புரோகிராமை விட்டவர். அவருக்குச் சிறையே இல்லை: 3 வருட நன்னடத்தை, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிறகு அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் ஆனார். ஆனால் அவர் அப்போதே கார்னெலில் ஆராய்ச்சி மாணவர், அப்பா அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவில் பெரிய விஞ்ஞானி. வேளச்சேரிப் பையனுக்கு அந்தப் பின்புலம் கிடையாது.

நம் விஷயத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருபவர் மார்கஸ் ஹட்சின்ஸ். 2017 மே மாதம், கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியபோது அதை நிறுத்தியவர். அதே ஆகஸ்டில், சின்ன வயதில் வங்கி விவரம் திருடும் மால்வேர் எழுதிய பழைய விஷயத்துக்காகக் கைதானார். 2019 ஜூலையில் நீதிபதி மேற்கொண்டு சிறை வேண்டாம், ஒரு வருடக் கண்காணிப்பு போதும் என்று விட்டுவிட்டார். அவருக்கு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது மால்வேர் எழுதியதால் இல்லை. அதற்கப்புறம் அவர் செய்த வேலை ஊருக்கே தெரிந்திருந்தது. சித்தப்பா கவனிக்காமல் விடுவது அந்த நடுப்பகுதியைத்தான்.

பிப்ரவரி 9, மதியம் 2:40

பிஜிவி உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தெரியாததால்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

ஆஃபர் லெட்டரோடு ஒரு லிங்க் வரும். படிப்பு, பழைய வேலை, முகவரி எல்லாம் நிரப்பிய பிறகு கேள்விகள்: உங்கள் மீது குற்ற வழக்கு பதிவானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா, நிலுவையில் ஏதாவது உண்டா. கீழே உறுதிமொழி: சொன்னது பொய் என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

தேடுவது நிறுவனம் இல்லை, அது சரிபார்ப்பையே தொழிலாகச் செய்யும் ஒரு வெண்டரிடம் கொடுத்துவிடும். வெண்டரிடம் வக்கீல்கள் இருப்பார்கள். நீங்கள் குடியிருந்த முகவரிகளை வைத்து, அந்தந்த எல்லையில் உள்ள மாஜிஸ்திரேட் கோர்ட், செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றப் பதிவுகளில் உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் போட்டுத் தேடுவார்கள். நீதிமன்ற வழக்கு விவரம் இருக்கும் இகோர்ட்ஸ் தளத்தில் பெயரும் வருடமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் தேடலாம், லாகின்கூட வேண்டாம். எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, ரகசியம் காக்க வேண்டிய வழக்குகள் போக மற்றவை அங்கேயும் கிடைக்கும். சில நிறுவனங்கள் தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்புச் சான்றும் கேட்கும். கடைசியில் ரிப்போர்ட்: பச்சை, ஆம்பர், சிவப்பு.

சிவப்பு வந்ததெல்லாம் என் மேஜைக்கு வரும். முன்னாலேயே சொன்னவரின் கோப்பும் சிவப்புதான், ஆனால் கூடவே அவர் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஹெச்ஆர் தலைவரும் பிராஜெக்ட் ஆட்களும் உட்கார்ந்து பேசுவார்கள். சில சமயம் வழி பிறக்கும். மறைத்தவர் விஷயத்தில் பேச்சே கிடையாது. கல்லூரித் தேர்தலில் நடந்த கைகலப்பு, அபராதம் கட்டி முடிந்த வழக்கு. அதை மறைத்த ஒரு பையனைச் சேர்ந்த வாரத்திலேயே ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சொல்லியிருந்தால் அந்தக் கைகலப்பை யாரும் ஒரு பொருட்டாக எடுத்திருக்க மாட்டார்கள். லிஃப்ட் பக்கம் நின்று அவன் அப்பாவுக்கு போன் போட்டது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அரசு வேலை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் சொன்னதும் இதே தடத்தில்தான் போகிறது. கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னாலும் எடுப்பதா விடுவதா என்பது வேலை கொடுப்பவர் முடிவு. சின்ன விஷயமாக இருந்தால் மறைத்ததைக்கூட மன்னிக்கலாம். கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. தனியார் கம்பெனிக்கு அது சட்டமாகப் பொருந்தாது. ஆனால் கேட்காத இடத்தில் கொட்டித் தீர்க்க வேண்டியதில்லை என்ற பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 10:05

பெரிய சர்வீஸ் கம்பெனி ஏன் கஷ்டம் என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அங்கே முடிவெடுக்கும் ஆள் சென்னையில் இல்லை. வேலை அமெரிக்க வங்கியுடையதாக இருக்கும். அங்கே கூட்டாட்சி டெபாசிட் காப்பீட்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: நேர்மையின்மை, நம்பிக்கை மோசடிக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டவரை அனுமதி வாங்காமல் காப்பீடு பெற்ற வங்கி வேலையில் வைக்கக் கூடாது. அந்தப் பயத்தை வங்கிகள் சர்வீஸ் கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்துக்குள்ளும் எழுதிவிடும். சோழிங்கநல்லூரில் இருக்கும் மேனேஜருக்கு உங்கள் தம்பியைப் பிடித்துப்போனாலும் ஒப்பந்தம் விடாது. போதாததற்கு 2006-ல் ஐடி கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் தொடங்கிய தேசியத் திறன் பதிவேடு வேறு இருக்கிறது, கைரேகையோடு. ஒரு கம்பெனியில் செய்த சரிபார்ப்பு இன்னொரு கம்பெனி கண்ணிலும் படும்.

அதனால் முடிவெடுக்கும் ஆள் அதே மாடியில் உட்கார்ந்திருக்கும் இடமாகத் தேடுங்கள். பெருங்குடி, கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருபது முப்பது பேர் வேலை செய்யும் புராடக்ட் கம்பெனிகள் நிறைய. செக்யூரிட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். டெவலப்மென்ட், டெஸ்டிங் எதுவானாலும் முதல் இரண்டு வருடம் ஓடட்டும்.

பிப்ரவரி 10, காலை 7:30

தம்பியின் அக்கா தனியே எழுதியிருந்தார்: ஏற்கெனவே ஓர் இடத்தில் "இல்லை" என்று கொடுத்திருக்கிறானாம், இன்னும் சேரவில்லை. இன்றைக்கே ஹெச்ஆருக்கு மெயில் போடச் சொல்லுங்கள். "பாரத்தில் ஒரு பதிலைத் திருத்த வேண்டும், வழக்கு விவரம் இணைத்துள்ளேன்" என்று இரண்டு வரி போதும். ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் அந்த மெயில் போய்ச் சேர வேண்டும். வேலை போகலாம். பொய் சொன்னவன் என்ற பெயர் அதோடு சேர்ந்து வராமல் இருக்கும்.

பிப்ரவரி 11, இரவு 9:15

எங்களிடம் இருப்பவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன்.

எங்களிடம் வருவதற்கு முன் அவரை எல்லாரும் திறமையைச் சொல்லியே பயமுறுத்தியிருக்கிறார்கள். "இவ்வளவு தெரிஞ்சவனை உள்ளே விட்டா என்ன பண்ணுவானோ." அவரும் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் இன்னும் திறமையைக் காட்டியிருக்கிறார், பயம் இன்னும் கூடியிருக்கிறது.

எங்களிடம் வந்த அன்று கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். தீர்ப்பின் சான்றிட்ட நகல், அபராதம் கட்டிய ரசீது, தானே எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. அதை மேஜையில் வைத்துவிட்டு, "இதைப் பார்த்துட்டு டெஸ்ட் குடுங்க, இல்லைன்னா உங்க நேரமும் வீண்" என்றார். என் பார்ட்னர் ஃபைலைத் திறக்காமல் முதலில் டெஸ்டைக் கொடுத்தார். நாங்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஒரு போலிக் கடைத் தளம் அது. எங்கெங்கே ஓட்டை என்று எங்களுக்குத் தெரியும்.

மாலையில் ரிப்போர்ட் கொடுத்தார். அதில் ஒரு பத்தி இப்படி இருந்தது: ஆர்டர் எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினால் அடுத்தவருடைய பில், முகவரியோடு தெரிகிறது. இரண்டு பில் பார்த்தேன். நிரூபிக்க அது போதும் என்பதால் மூன்றாவது பார்க்கவில்லை. பார்த்த இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டிலும் பெயர், முகவரியை மறைத்திருக்கிறேன்.

அத்தனையும் போலி பில், பார்த்திருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. என் பார்ட்னர் அந்தப் பத்தியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மற்ற விண்ணப்பதாரர்கள் அதே ஓட்டையைக் கண்டுபிடித்து, ஸ்கிரிப்ட் எழுதி, ஆயிரக்கணக்கான பில்களை இறக்கி, அதைப் பெருமையாகவே ரிப்போர்ட்டில் போட்டிருந்தார்கள். அவர்கள் யார் மீதும் வழக்கு இல்லை.

உங்கள் தம்பிக்கும் நான் சொல்ல நினைப்பது அந்தப் பத்திதான். பூட்டைத் திறக்கத் தெரியும் என்பதைத் தீர்ப்பே சொல்லிவிட்டது. திறந்த பிறகு எங்கே நிற்கிறான் என்பதைத்தான் வேலை கொடுப்பவர் பார்க்க வேண்டும். அதை வாயால் சொல்ல முடியாது, செய்த வேலையில் எழுத்தாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 12, காலை 6:50

நேற்றைய குறிப்பைப் படித்தவர்கள் "உடனே சாவியைக் கொடுத்துவிட்டீர்களா" என்று கேட்கிறார்கள். இல்லை. கொஞ்ச காலம் ரிப்போர்ட் எழுதுவதும் எங்கள் லேபும்தான். பிறகு இன்னொருவர் கூட உட்கார கிளையன்ட் வேலை. எல்லா அக்கவுன்ட்டுக்கும் லாக் உண்டு. அது அவருக்கென்று போட்டதில்லை, எனக்கும் அதே லாக்தான்.

கிளையன்ட்களிடமும் சொன்னோம். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று முடியாது என்றது, அந்த வேலைக்கு அவரைப் போடுவதில்லை. கோயம்புத்தூரில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு முதலாளி, "அந்தத் தம்பிகிட்டயே பேசணும், போனைக் குடுங்க" என்றார். அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவருடைய வேலை வந்தால் அந்தத் தம்பி இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்கிறார்.

பிப்ரவரி 12, இரவு 11:40

ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "முதல் சந்திப்பிலேயே ஃபைலைப் போட்டால் பத்தில் ஒன்பது இடத்தில் வாசலோடு அனுப்புவார்கள். உங்கள் ஆளுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்." இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பார்ட்னர் ஃபைலைத் திறப்பதைத் தள்ளிப்போட்டார் என்பதை நானே எழுதினேன். வேலையை முதலில் பார்த்ததால்தான் ஃபைலை வேறு கண்ணோடு படித்தோம்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். டெக்னிக்கல் ரவுண்ட் முடியட்டும். அவர்களுக்கு ஆள் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும், சம்பளப் பேச்சுக்கு முன், பிஜிவி லிங்க் வருவதற்கு நிச்சயம் முன், முடிவெடுக்கும் ஆளிடம் நேரில் சொல்ல வேண்டும். ஹெச்ஆரில் இருக்கும் சின்னப் பெண்ணிடம் சொன்னால் அவளுக்கு என்ன செய்வது என்றே தெரியாது, பாவம், "ரிஜெக்ட்" அழுத்திவிடுவாள். இடையில் யாராவது நேரடியாகக் கேட்டால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும்.

எப்படிச் சொல்வது? என்ன செய்தேன், எந்தப் பிரிவு, என்ன தண்டனை, அது எப்போது முடிந்தது, அதிலிருந்து இன்றுவரை என்ன செய்கிறேன். ஐந்து நிமிஷம். கோச்சிங் சென்டர்க்காரன் பாஸ்வேர்டை ஒழுங்காக வைக்கவில்லை என்ற பேச்சே வரக் கூடாது. கேட்பவர் தன் சர்வரை நினைத்துக்கொண்டுதான் கேட்பார்.

பிப்ரவரி 15, மதியம் 1:10

ஒரு எச்சரிக்கை. இதை எழுதும்போது கோபம் வருகிறது. வழக்கு இருப்பது தெரிந்ததும் அதையே வைத்துச் சுரண்டுபவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் வருவதற்கு முன் அவர் ஓர் இடத்தில் மற்றவர்கள் வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்தார். கூட்டிக் கேட்டால் "கேஸ் இருக்கு, இதுக்கு மேல எங்க போவ?" ஒரிஜினல் டிகிரி சான்றிதழையும் வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்கள், கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யார் கேட்டாலும் ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்க வேண்டாம். தண்டனையைக் கோர்ட் கொடுத்தது, அது முடிந்துவிட்டது. மாதாமாதம் சம்பளத்தில் இன்னொரு தண்டனை போட எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

பிப்ரவரி 16, மாலை 5:30

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒருவர், எழும்பூர் கோர்ட்டுக்கு அலைபவர், உள்ளே வந்து கேட்டிருக்கிறார். நான் வக்கீல் இல்லை. உங்கள் வக்கீலிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

66-க்கு அதிகபட்சம் 3 வருடம் சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்கு மேற்படாத குற்றங்களை அதே சட்டத்தின் 77ஏ பிரிவில் சமரசம் செய்து முடிக்க கோர்ட் அனுமதிக்கலாம். முன்பே தண்டனை பெற்றுக் கூடுதல் தண்டனைக்கு உரியவர், பெண்ணுக்கோ 18 வயதுக்குட்பட்டவருக்கோ எதிரான குற்றம், நாட்டின் சமூகப் பொருளாதாரத்தைப் பாதிக்கும் குற்றம் என்றால் கிடையாது. புகார் கொடுத்த தரப்பு இறங்கி வந்தால் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டம். தண்டனைக் கட்டத்தில் வக்கீல் வாயைத் திறந்து கேட்டால், சிறைக்குப் பதில் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. 21 வயதுக்குக் குறைவானவர் என்றால் சிறைக்கு அனுப்புவதற்கு நீதிபதி காரணம் எழுத வேண்டும். அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் சட்டத் தகுதியிழப்புகள் ஒட்டாது என்கிறது. "அபராதத்தைக் கட்டிட்டு ஒத்துக்கோ, இன்னைக்கே வீட்டுக்குப் போலாம்" என்று வராந்தாவில் சொல்வார்கள். கோர்ட் கலையும் வரை நிற்கும் தண்டனையும் தண்டனைதான், இகோர்ட்ஸில் அது அப்படியே நிற்கும். கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு மேல்முறையீடு 30 நாளுக்குள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

சம்பவம் நடந்தபோது 18 வயது ஆகாதவர்களுக்கு வேறு சட்டம். இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி தகுதியிழப்பு கிடையாது, கொடுங்குற்றம் தவிர மற்றவற்றில் பதிவையே அழிக்க வேண்டும்.

பிப்ரவரி 16, இரவு 8:20

"பெயரைத் தீர்ப்பிலிருந்து எடுக்க முடியுமா" என்று கேட்ட அக்காவுக்கு. பிரிட்டனில் 1974-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட காலம் போனால் பெரும்பாலான வேலைகளுக்குப் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வயது வந்தவர்களுக்கு அப்படிப் பொதுவான சட்டம் ஒன்றும் வரவில்லை. நிரபராதி என்று விடுதலையான ஒருவரே தீர்ப்பில் தன் பெயரை மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதி அமர்வு ஒத்துக்கொண்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. விடுதலையானவருக்கே இந்த நிலை. உங்கள் தம்பி இதில் காசைச் செலவழிக்க வேண்டாம்.

பிப்ரவரி 22, காலை 10:00

பக் பவுண்டி, அதாவது தங்கள் தளத்தில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு நிறுவனங்களே பணம் தருவது, அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஹேக்கர்ஒன், பக்கிரவுட் போன்ற தளங்களின் பொது நிகழ்ச்சிகளில் சேர வழக்கைப் பற்றிக் கேட்பதில்லை. அடையாளம், வரிப் படிவம், பணம் வர வங்கிக் கணக்கு. பின்னணி பார்த்துத்தான் சேர்க்கும் தனி நிகழ்ச்சிகளும் உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள். வருமானத்துக்கு இதை நம்ப முடியாது, ஆனால் எங்கே நிற்கிறான் என்பதைக் காட்டும் எழுத்து இங்கேதான் தேதியோடு சேரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் தம்பி மற்றவர்களைவிடப் பல மடங்கு கவனமாக இருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு ஓட்டை தேடுபவருக்கு நம் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு கிடையாது. ஐடி சட்டத்தின் 43-ஆம் பிரிவு அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கிறது. கெட்ட நோக்கம் இல்லையென்றாலும் நஷ்டஈடு கேட்கலாம். அதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் 66. ஏற்கெனவே தண்டனை ஆனவருடைய நோக்கத்தை போலீஸ் எப்படிப் படிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சியின் எல்லைக்குள் எழுதியிருக்கும் டொமைனைத் தாண்டி ஒரு பிங்கூட வேண்டாம். தெரிந்த கடைக்காரர் "சும்மா என் சைட்டைப் பாருப்பா" என்றாலும் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

செக்யூரிட்டித் துறைச் சான்றிதழ்கள்: சிஐஎஸ்எஸ்பி விண்ணப்பத்தில் குற்றப் பின்னணிக் கேள்விகள் உண்டு. ஓஎஸ்சிபி ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் செய்முறைத் தேர்வு, அதில் ரிப்போர்ட் எழுதுவதும் சேர்த்தி. எங்களைப் போன்ற இடங்களில் இரண்டாவதற்குத்தான் மதிப்பு.

பிப்ரவரி 23, இரவு 10:30

அம்மா சாப்பிடுவதில்லை, கல்யாணப் பேச்சில் எல்லாம் இது வந்து நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஆபீஸ்காரரின் அம்மா ஒருநாள் முறுக்கு டப்பாவோடு வந்தார். "இங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எல்லாருக்கும் தெரியும்மா என்றேன். அதற்கப்புறம் சத்தமாகவே பேசினார். பக்கத்து வீட்டு மாமியைப் பற்றி ஒரு மணி நேரம்.

மார்ச் 2, காலை 9:00

பிப்ரவரி ஒன்பதாம் தேதி இரவு, செக்யூரிட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம் என எழுதினேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. எங்கள் ஆளிடம் கேட்டபோது, சாஃப்ட்வேர் கம்பெனி ஹெச்ஆர்கள் "ஹேக்கர்" என்ற சொல்லோடு நின்றுவிட்டார்கள், செக்யூரிட்டி ஆட்கள்தான் தீர்ப்பை வாங்கிப் படித்தார்கள் என்றார். என்ன செய்தான், எதைச் செய்யவில்லை, எடுத்ததை விற்றானா இல்லையா என்று படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்கள் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். அரசுத் தணிக்கை வேலை எடுக்கும் நிறுவனங்கள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ளவை, அங்கே ஆள் விவரம் எல்லாம் போக வேண்டியிருக்கும் என்பதால் கதவு குறுகல். மற்ற சின்ன டெஸ்டிங் நிறுவனங்களில் இரண்டு பக்கமும் போட்டுப் பார்க்கட்டும்.

மார்ச் 9, மதியம் 12:20

சில்லறைக் கேள்விகளுக்குச் சேர்த்து.

பாஸ்போர்ட்: ஒழுக்கக்கேடான குற்றத்தில் 2 வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை ஆகி, 5 வருடம் ஆகாமல் விண்ணப்பித்தால் மறுக்கலாம் என்கிறது சட்டம். நான்கு மாதத்துக்கு அது பொருந்தாது. வழக்கு நிலுவையில் இருப்பவருக்குத்தான் கோர்ட் அனுமதி வேண்டும். போலீஸ் சான்றும் விசாவும் தனிக் கதை, அங்கே எல்லாம் தெரியவரும்.

சொந்தமாகத் தொழில்: கம்பெனி டைரக்டராக இருக்க, 6 மாதம் அல்லது அதற்கு மேல் தண்டனை ஆனவர் அது முடிந்து 5 வருடம் காத்திருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அந்தத் தடை வராது. தனி உரிமையாளராகத் தொடங்க யாருக்குமே இந்தக் கேள்வி இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெரிந்தவர் கடை இருக்கிறது, அங்கே சர்வீஸ் வேலைக்குப் போகலாமா என்றீர்கள். போகட்டும், வீட்டில் முடங்குவதைவிட நல்லது. அங்கே வரும் லேப்டாப்பில் அடுத்தவர் போட்டோவும் கணக்கும் இருக்கும், பையன் அதைத் திறக்காமல் திருப்பிக் கொடுப்பதை அந்தக் கடைக்காரர் பார்ப்பார். பிறகு ஒருநாள் அவரே சிபாரிசு சொல்வார்.

மார்ச் 29, இரவு 9:45

திருத்தி மெயில் போட்ட இடத்தில் வேலை போய்விட்டது, ஆனால் அந்த ஹெச்ஆர் நேர்மைக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறார் என்றீர்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பெருங்குடிக் கம்பெனியில் டெக்னிக்கல் ரவுண்ட் முடிந்து நேரில் சொல்லியும் விட்டான் என்பது நல்ல செய்தி. உரிமையாளர் உடனே மறுக்காமல் தீர்ப்பைக் கேட்டிருக்கிறார் என்றால் படிக்கப் போகிறார். தீர்ப்பு தமிழில் இருக்கிறது, அவருக்குத் தமிழ் படிக்க வராது, சுருக்கத்தை இவனே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இவன் எழுதினால் எதையோ விட்டிருக்கிறான் என்று தோன்றும். வக்கீல் மூலம் முழுத் தீர்ப்பையும் மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்து வாங்கி, தமிழ்ச் சான்று நகலையும் அபராத ரசீதையும் கூடவே வைத்துக் கொடுக்கட்டும். நீதிபதி கடுமையாக எழுதியிருக்கும் பக்கமும் அதில் இருக்கட்டும். திங்கள்கிழமைக்குள் முடியாது என்றால் புதன்கிழமை தருகிறேன் என்று இன்றைக்கே அவருக்கு ஒரு வரி போடச் சொல்லுங்கள்.